முதல் டிகாக்ஷன் யாருக்கு?

வடசென்னை மணி பார்த்து வாழ்கிற வட்டாரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வண்டி 1856-ம் ஆண்டில் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான் ஆற்காட்டை நோக்கிப் புறப்பட்டது. அன்று அடித்த மணி இன்னும் ஓயவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். காசிமேட்டில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம். துறைமுகத்தில் இரவும் பகலும் வேலை. திருவொற்றியூர், எண்ணூர், மணலி என்று போனால் டயர் தொழிற்சாலை, மோட்டார் தொழிற்சாலை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அவற்றில் மாறி மாறி ஷிப்டுகள். ஒரே வீட்டில் ஒருவர் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து செருப்பைக் கழற்றுவார். இன்னொருவர் காலை ஷிப்டுக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். இருவருக்கும் நடுவில், அடுப்படியில், பால் பொங்கிக்கொண்டிருக்கும்.

ஆலை வாசலில் டீதான் ராஜா. அதில் சந்தேகமில்லை. காப்பி என்றால் நடுத்தரக் குடும்பம், டீ என்றால் தொழிலாளி என்று ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் கோடு கிழித்து வைத்திருந்ததை ஆராய்ச்சியாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற புத்தகத்தில் ஸ்வாரஸ்யமாக எழுதியிருக்கிறார். ஆனால் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தால் அந்தக் கோடு அழிந்துவிடுகிறது. கேட்டருகே நாலு டீ குடித்த மனிதர், வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்ததும், "காப்பி இருக்கா?" என்றுதான் கேட்கிறார்.

இருக்கிறது. எப்போதும் இருக்கிறது. ஆனால் அது நல்ல காப்பியா? அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றும் உண்டு. இத்தனை பேருக்கும் போட்டுக் கொடுக்கிற அம்மாள் எந்தக் காப்பியைக் குடிக்கிறாள்? இந்த இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருவோம். முதலில் கடைக்குப் போகலாம், வாருங்கள்.

கொட்டையில் ஆரம்பிக்கிறது

பாபா புடன் என்ற முஸ்லிம் பெரியவர் பதினேழாம் நூற்றாண்டில் மெக்கா யாத்திரை முடித்துத் திரும்பும்போது, ஏமன் நாட்டிலிருந்து ஏழு காப்பிக் கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது ஐதிகம். அந்த மலைக்கு இன்றும் அவர் பெயர்தான். இப்போது இந்தியாவில் விளையும் காப்பியில் சுமார் 70 சதவீதம் கர்நாடகத்தில் விளைகிறது. அடுத்தது கேரளம். நம் தமிழ்நாட்டின் பங்கு 5 சதவீதம் அளவுதான். ஆனாலும் ஏற்காடு, நீலகிரி, வால்பாறை, கொடைக்கானலுக்குக் கீழே தாண்டிக்குடி என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இடங்கள் இருக்கின்றன.

காப்பியில் இரண்டு ஜாதி. ஒன்று அராபிகா, மற்றது ரோபஸ்டா. அராபிகா உயரமான மலைகளில், நிழலில், நிதானமாக வளர்வது. மணமும் மென்மையும் அதில் அதிகம். ரோபஸ்டாவுக்குத் திடம் அதிகம், கசப்பும் அதிகம். காஃபீன் என்ற சத்து அராபிகாவில் இருப்பதைவிட அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ரோபஸ்டா இங்கே வந்ததற்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது. இலங்கையில் ஒரு காலத்தில் மலை மலையாகக் காப்பிதான். அந்தத் தோட்டங்களில் வேலை செய்ய மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே போனவர்கள் நம் தமிழ்நாட்டு ஏழை ஜனங்கள். வழியிலேயே மாண்டவர்கள் பலர். 1869-ல் அந்தச் செடிகளின் இலைகளில் துரு மாதிரி ஒரு நோய் கண்டது. இருபது வருஷத்துக்குள் காப்பி அநேகமாக ஒழிந்து, அந்த மலைகளில் தேயிலை ஏறிக்கொண்டது. இந்தியாவிலும் இந்தத் துரு தோட்டக்காரர்களைப் படாத பாடு படுத்தியது. துருவுக்கு லேசில் மசியாத செடி எது என்று தேடியபோதுதான் ரோபஸ்டாவுக்கு மவுசு வந்தது. இன்றைக்கு நம் நாட்டு விளைச்சலில் பெரும்பங்கு அதுதான்.

கடைக்காரரிடம் என்ன கேட்பது? பழத்தின் தோலை நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்கு 'பிளாண்டேஷன்' என்று பெயர். பழத்தை அப்படியே வெயிலில் காயவைத்து எடுத்தால் 'செர்ரி'. சாதாரணமாக ஒரு பழத்துக்குள் இரண்டு கொட்டைகள், ஒரு பக்கம் தட்டையாக, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். நூற்றுக்கு ஐந்து பத்துப் பழங்களில் மட்டும் ஒற்றைக் கொட்டை உருண்டையாக இருக்கும். அதுதான் 'பீபரி'. உருண்டையாக இருப்பதால் வறுக்கும்போது நன்றாகப் புரண்டு, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சிவக்கும்.

பாலும் சர்க்கரையும் சேர்த்துச் சாப்பிடுகிற நம் வீட்டுக் காப்பிக்கு, பிளாண்டேஷன் பாதி, பீபரி பாதி என்று வாங்கினால் சோடை போகாது. "நாக்கில் கொஞ்சம் சுருக்கென்று இருக்க வேண்டும்" என்பவர்கள் அதில் கால் பங்கு ரோபஸ்டா சேர்க்கச் சொல்லலாம். முதலில் 100 கிராம் மட்டும் வாங்கிப் பாருங்கள். பிடித்துவிட்டால் கடைக்காரரிடம் அந்தக் கணக்கைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தையற்காரரிடம் அளவு ரவிக்கை கொடுத்து வைக்கிற மாதிரிதான்.

சிக்கரி என்ற விருந்தாளி

சிக்கரி என்றதும் கலப்படம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது அவ்வளவு பொல்லாதது அல்ல. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிற ஒரு செடியின் கிழங்கு அது. வறுத்துப் பொடித்தால் நல்ல நிறமும், டிகாக்ஷனுக்கு ஒரு கனமும் கொடுக்கும். காஃபீன் கிடையாது. நூற்றுக்குப் பத்து, மிஞ்சிப் போனால் இருபது என்று இருந்தால் விருந்தாளி. அதற்கு மேல் போனால், வந்த விருந்தாளி வீட்டையே எடுத்துக்கொண்ட கதைதான்.

இதற்குச் சட்டமே இருக்கிறது. காப்பி-சிக்கரி கலவை என்று விற்கிற தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எத்தனை சதவீதம் காப்பி, எத்தனை சதவீதம் சிக்கரி என்பதைப் பாக்கெட்டின் மேல் அச்சிட்டே ஆக வேண்டும். புடைவையில் சரிகையைத் திருப்பிப் பார்க்கிற நாம், காப்பிப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பதில்லை!

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். உதாரணத்துக்கு, ஒரு தூள் கிலோ 600 ரூபாய். அதில் காப்பி 60 சதவீதம். இன்னொன்று கிலோ 800 ரூபாய். அதில் காப்பி 80 சதவீதம். முதலாவது மலிவு என்றுதானே தோன்றும்? முதல் பாக்கெட்டில் 600 ரூபாய்க்கு உங்களுக்குக் கிடைப்பது 600 கிராம் காப்பி. இரண்டாவதில் 800 ரூபாய்க்கு 800 கிராம் காப்பி. காப்பியை மட்டும் கணக்குப் பார்த்தால் இரண்டும் ஒரே விலை! தூளின் விலையைப் பார்க்காதீர்கள்; அதற்குள் இருக்கிற காப்பியின் விலையைப் பாருங்கள்.

பாக்கெட்டில் போட்டிருப்பது நிஜமா என்று சந்தேகமா? ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, மேலாக ஒரு சிட்டிகை தூளைத் தூவுங்கள். காப்பித்தூளில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அது மிதக்கும். சிக்கரி சில விநாடிகளிலேயே பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். எத்தனை சதவீதம் என்று இது சொல்லாதுதான். ஆனால் 'சுத்தக் காப்பி' என்று சொல்லி விற்றதில் இந்தக் கோடு தெரிந்தால், கடையை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வறுவலும் அரைவையும்

நம் பாட்டிமார்கள் காலத்தில் பச்சைக் கொட்டையாகத்தான் வாங்குவார்கள். கரி அடுப்பின் மேல் இரும்பு உருளையைச் சுழற்றி வறுப்பார்கள். பெஞ்சியில் திருகாணி போட்டு முடுக்கிய மெஷினில், யாராவது ஒரு பேரன் மூச்சுப் பிடித்து அரைப்பான். அந்த மணம் தெருக்கோடி வரை போகும். அடுத்த வீட்டுக்காரர் அன்று பார்த்து ஏதாவது விசாரிக்க வந்து சேருவார்.

இன்றும் இது செய்யக் கூடாத காரியமல்ல. பச்சைக் கொட்டை மாதக்கணக்கில் கெடாது. 100 கிராம் கொட்டையைக் கனமான இரும்பு வாணலியில் போட்டு, நடுத்தரத் தணலில், கை ஓயாமல் கிளறுங்கள். பச்சை மஞ்சளாகும்; மஞ்சள் பழுப்பாகும். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் சோளம் பொரிகிற மாதிரி படபடவென்று வெடிக்கும். அது அடங்கி, நல்ல மரப் பழுப்பு வந்ததும் இறக்கி, அகலமான தட்டில் கொட்டி விசிறுங்கள். வாணலியிலேயே விட்டுவிட்டால் அந்தச் சூட்டிலேயே கருகிவிடும். 100 கிராம் போட்டால் 80, 85 கிராம்தான் மிஞ்சும்; ஈரம் போய்விடுகிறது. யாரும் திருடிவிடவில்லை. வறுத்த கொட்டையை ஒரு நாள் ஆறவிட்டு அரைத்தால் ருசி நிதானப்படும். சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், புகை வரும்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால், கண்ணெதிரே வறுத்த கொட்டையை அரைத்துக் கொடுக்கிற கடைக்குப் போங்கள். பில்டருக்கு என்று சொல்லி அரைக்கச் சொல்லுங்கள். மாவு மாதிரி நைஸாக இருந்தால் பில்டர் அடைத்துக்கொள்ளும். ரவை மாதிரி இருந்தால் தண்ணீர் ஓடிவிடும். இரண்டுக்கும் நடுவே, விரலில் தேய்த்தால் லேசாகச் சொரசொரக்க வேண்டும்.

அரைத்த நிமிஷத்திலிருந்து மணம் போக ஆரம்பிக்கிறது. காற்றுப் பட்டால் காப்பியின் எண்ணெய் சிக்குவாடை அடித்துப் போகும். ஆகவே மாதச் சாமானோடு சேர்த்து ஒரு கிலோ வாங்கி வைப்பது சிக்கனமல்ல. வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, இறுக மூடுகிற எவர்சில்வர் டப்பாவில், ஈரமில்லாத ஸ்பூன் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்குப் பக்கத்து அலமாரி வேண்டாம்.

தண்ணீர்தான் பாதி ருசி

கும்பகோணம் காப்பிக்குக் காவேரித் தண்ணீர்தான் காரணம் என்று சொல்பவர்களைக் கேலி செய்யாதீர்கள். அதில் விஷயம் இருக்கிறது. டிகாக்ஷனில் பெரும்பகுதி தண்ணீர்தானே?

வடசென்னையில் தண்ணீர்ச் சமாசாரம் எல்லோருக்கும் தெரியும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததில் கடல் நீர் உள்ளே புகுந்துவிட்டது. கடற்கரையோரம் பல வீடுகளில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. இந்தப் பகுதிகளின் தாகத்துக்காகத்தான் 2010-ம் ஆண்டில், காட்டுப்பள்ளியில், கடல் நீரிலிருந்து தினம் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம் ஆரம்பிக்கப்பட்டது. குழாய்த் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்.ஓ. மெஷின் தண்ணீர் என்று ஒரே வீட்டில் நாலு தினுசு இருப்பது இங்கே சகஜம்.

எதில் காப்பி போடுவது? உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த போர் தண்ணீர் காப்பியின் இயற்கையான இளம் புளிப்பை அமுக்கிவிடும். எத்தனை உசத்தித் தூள் போட்டாலும் சப்பென்றுதான் இருக்கும். அதற்காக ஆர்.ஓ. மெஷினில் உப்பையெல்லாம் வழித்தெடுத்த தண்ணீரும் உத்தமமல்ல. தாது உப்பு அறவே இல்லாத தண்ணீரில் காப்பியின் ருசி முழுசாக இறங்குவதில்லை. லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் கரைந்த உப்புகள் இருந்தால் காப்பிக்குச் சரி என்பது சர்வதேசக் காப்பி நிபுணர்களின் கணக்கு. குடிநீருக்கான இந்திய அளவுகோல் 500 வரை நல்லது என்கிறது. ஆர்.ஓ. மெஷின் பொருத்த வருகிறவரிடம் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். ஒரு தடவை உங்கள் வீட்டு நாலு தினுசுத் தண்ணீரையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். 100-க்கும் 250-க்கும் நடுவில் எது நிற்கிறதோ, அதற்குக் 'காப்பித் தண்ணீர்' என்று பெயர் வைத்துவிடலாம்.

பில்டரின் மனசு

பில்டரில் மாயமில்லை. மேல் பாத்திரம், அதன் அடியில் பொடிப்பொடித் துவாரங்கள், உள்ளே தூளை அமுக்குகிற குடை, கீழே டிகாக்ஷன் இறங்குகிற பாத்திரம், ஒரு மூடி. கரண்டும் வேண்டாம், காகிதமும் வேண்டாம். பித்தளையானாலும் சரி, எவர்சில்வரானாலும் சரி, சுத்தமாக, முக்கியமாக ஈரமில்லாமல் இருக்க வேண்டும்.

நான்கு சின்ன டம்ளர் காப்பிக்கு 25 கிராம் தூள். குவித்து மூன்று மேஜைக் கரண்டி. தூளைச் சமமாகப் பரப்பி, குடையை வைத்து மெதுவாக அமுக்குங்கள். கோபத்தை அதில் காட்ட வேண்டாம். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து இறக்கி, அரை நிமிஷம் பொறுங்கள். முதலில் இரண்டு கரண்டி தண்ணீர் விட்டுத் தூள் ஊறட்டும். பிறகு மீதியை வட்டமாக விட்டு மூடிவிடுங்கள். மொத்தம் 150 மில்லி தண்ணீர் போதும். தூள் தன் எடையைப் போல் இரு மடங்கு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உங்களுக்கு 100 மில்லி டிகாக்ஷன் கிடைக்கும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கிவிடும்.

மளமளவென்று இறங்கிவிட்டால் தூள் பரபர என்று இருக்கிறது, அல்லது அமுக்கியது போதவில்லை. இறங்கவே மறுத்தால் தூள் நைஸ், அல்லது சிக்கரி அதிகம். சிக்கரி தண்ணீர் பட்டதும் உப்பிக்கொள்ளும். துவாரம் அடைத்திருந்தாலும் இப்படித்தான். காலி மேல் பாத்திரத்தை வாரம் ஒரு தடவை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டி, ஆறிய பின் பிரஷ்ஷால் தேயுங்கள். பில்டரைத் தட்டுவதும் குலுக்குவதும் வேண்டாம். தூள்தான் கீழே வரும்.

பில்டர் விஷயத்தில் பெரியது வாங்குவதுதான் பலர் செய்கிற தப்பு. எட்டு டம்ளர் பில்டரில் இரண்டு டம்ளருக்குத் தூள் போட்டால் படுகை மெல்லிசாகி, தண்ணீர் வேகமாக ஓடிவிடும். குடும்பத்துக்கு ஒரு பெரிய பில்டரும், தனியாக வருகிறவருக்கு ஒரு சின்ன பில்டரும் வைத்துக்கொள்வது மேல்.

அடுத்தது பால். 'டிகிரி காப்பி' என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற லாக்டோமீட்டர் காட்டும் டிகிரிதான் என்பார்கள் சிலர். சிக்கரி என்ற சொல் வாயில் மாறி டிகிரி ஆயிற்று என்பார்கள் வேறு சிலர். பெயர் எப்படியானால் என்ன, பால் கெட்டியாக இருக்க வேண்டும் என்பதில் தகராறில்லை. பாக்கெட்டில் பார்த்தால் டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு பாலில் 4.5, புல் கிரீமில் 6 என்று இருக்கும். காப்பிக்கு நடுவிலுள்ளது போதும். பாலை ஒரே தடவை பொங்கவிட்டு இறக்கி, உடனே கலக்க வேண்டும். அடுப்பிலேயே வைத்துச் சுண்டவிட்டால் காப்பியில் பால்கோவா வாசனைதான் வரும். டிகாக்ஷன் ஒரு பங்கு, பால் மூன்று பங்கு. டபராவில் இரண்டு ஆற்று ஆற்றி நுரை வரவழைத்துக் கொடுங்கள்.

டிகாக்ஷனை மட்டும் ஒருபோதும் நெருப்பில் வைத்துச் சுட வைக்காதீர்கள். கசந்து போகும். ஆறியிருந்தால் கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்தெடுங்கள்.

ஷிப்ட் வீட்டின் கணக்கு

இப்போது ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். திருவொற்றியூர் தேரடிப் பக்கம். கணவருக்கு ஆறு மணி ஷிப்ட். ஐந்தே காலுக்குக் காப்பி. மாமியார் எழுந்திருப்பது ஐந்தே முக்காலுக்கு. கல்லூரிக்குப் போகும் மகள் ஏழு மணிக்கு மெட்ரோ ரயிலைப் பிடிக்க வேண்டும். ராத்திரி ஷிப்ட் முடிந்து மகன் வருவது ஏழரைக்கு. நாலு பேர், நாலு நேரம்.

ஐந்து மணிக்குப் போட்ட டிகாக்ஷன் ஏழரைக்குள் பாதி உயிர் போய்விடும். அதில் சரிக்கட்ட இன்னும் கொஞ்சம் வெந்நீர் விடுவார்கள். மகன் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏம்மா, காப்பி ஒரு மாதிரி இருக்கே?" என்பான். அவன்மேல் குற்றமில்லை.

"நீ குடிச்சியாம்மா?" என்று மாமியார் கேட்பார்.

"இதோ குடிக்கிறேன் அத்தை."

உலகத்தில் மிக அதிகமாகச் சொல்லப்படும் பொய்களில் இது ஒன்று!

இந்த வீட்டுக்கு இரண்டு யோசனை. காலையில் முதல் டிகாக்ஷன் இறங்கியதும் தேவையானதை எடுத்துக்கொண்டு, மீதியைச் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் நிறைய ஊற்றி இறுக மூடி வைத்துவிடுங்கள். காற்று பட இடமில்லாவிட்டால் இரண்டு மூன்று மணி நேரம் ருசி நிற்கும். பிரிஜ்ஜில் வைத்தால் மறுநாள் காலை வரைகூடத் தாங்கும். இரண்டாவது, வேலைக்குக் கொண்டுபோகிறவருக்குக் கலந்த காப்பியைப் பிளாஸ்க்கில் ஊற்றாதீர்கள். மணிக்கணக்கில் சூட்டிலேயே கிடந்தால் பாலும் காப்பியும் சேர்ந்து ஒரு வேக்காட்டு வாசனை அடிக்கும். கொதித்த பாலைப் பிளாஸ்க்கிலும், டிகாக்ஷனைச் சின்னப் பாட்டிலிலும் தனித்தனியே கொடுத்தனுப்புங்கள். அங்கே கலந்துகொள்ள அரை நிமிஷம். ராத்திரி ஷிப்டில் இரண்டு மணிக்குப் புதுக் காப்பி கிடைத்தவர், மறுநாள் வீட்டில் சண்டை போட மாட்டார்.

இரண்டாம் டிகாக்ஷன்

நாலு பேரும் குடித்தாயிற்று. இனி அம்மாளின் முறை. பில்டரைப் பார்க்கிறாள். முதல் டிகாக்ஷன் தீர்ந்துவிட்டது. அதே தூளின்மேல் மறுபடி வெந்நீர் விடுகிறாள். வெளிறிப்போன ஒரு திரவம் இறங்குகிறது. பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கிற பாலை வழித்து ஊற்றி, நின்றுகொண்டே குடித்துவிட்டு, அரிசி களையப் போய்விடுகிறாள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மட்டுமல்ல, தமிழ்நாடு பூராவும் இது நடக்கிறது. யாரும் அவளை இப்படிச் செய் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அதில் அப்படி என்ன குறைச்சல் என்று கேட்கலாம். தூளில் வெந்நீர் பட்டதும் முதலில் கரைந்து வருவது மணம், இளம் புளிப்பு, இனிப்பு. கசப்பும் கட்டை வாடையும் பின்னால்தான் வரும். தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை கரைந்து வந்தால் காப்பி நன்றாயிருக்கும், அதற்கு மேல் பிழிந்தால் கசக்கும் என்று 1950-களிலேயே அமெரிக்காவில் லாக்ஹார்ட் என்ற விஞ்ஞானி ஆராய்ந்து சொன்னார். நல்லதையெல்லாம் முதல் நாலு டம்ளர்கள் வாங்கிக்கொண்டுவிட்டன. ஐந்தாவது டம்ளருக்கு மிஞ்சியதுதான் வந்திருக்கிறது.

"தூள் விற்கிற விலையில் வேறென்ன செய்வது?" என்பது நியாயமான கேள்விதான். கணக்குப் பார்த்துவிடுவோம். நான்கு டம்ளருக்கு 25 கிராம் என்றால், ஒரு டம்ளருக்கு ஆறேகால் கிராம். மாதம் முப்பது நாளைக்கும் சேர்த்து 200 கிராமுக்குக் குறைவு. குடும்பத்தில் ஒருவர் மாதம் பூராவும் நல்ல காப்பி குடிக்க ஆகிற செலவு இவ்வளவுதான். அதுவும் கட்டுப்படியாகாத வீடுகள் இருக்கின்றன. அங்கே இரண்டாம் டிகாக்ஷனைக் கொட்டிவிடச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஒன்று செய்யலாம்: முதலாவதையும் இரண்டாவதையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டுப் பிறகு கலக்குங்கள். எல்லார் டம்ளரிலும் அது கொஞ்சம், இது கொஞ்சம் போகட்டும். ஒருத்தர் டம்ளருக்கு மட்டும் வெளிறின காப்பி என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதியிருக்கவில்லை.

அம்மாளின் உடம்புக்கும் ஒரு வார்த்தை. காப்பி, சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராமல் தடுக்கும். இரத்தச் சோகை நம் பெண்களிடம் மிக அதிகம். ஆகவே சாப்பிடும்போதோ சாப்பிட்ட கையோடோ காப்பி வேண்டாம். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கர்ப்பமாயிருப்பவர்கள் நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் சேர்ந்தால் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. நல்ல காப்பியாக ஒன்றிரண்டு டம்ளர் குடிப்பவர்களுக்கு இந்தக் கவலை அதிகம் வராது. வெளிறின காப்பியை ஐந்தாறு தடவை குடித்தும் திருப்தி வராதவர்களுக்குத்தான் கணக்குத் தப்பும்.

நாளைக் காலை பில்டரில் தூள் போடும்போது ஐந்து டம்ளருக்குப் போடுங்கள். டிகாக்ஷன் இறங்கியதும் உங்கள் பங்கை முதலில் ஊற்றி, மூடி தனியே எடுத்து வைத்துவிடுங்கள். மற்றவர்கள் குடித்து, கிளம்பி, வாசற்கதவு சாத்தியதும், பாலை அப்போதே சுட வைத்து, உட்கார்ந்து குடியுங்கள். பத்து நிமிஷம் போதும். அதற்குள் அரிசி எங்கேயும் ஓடிவிடாது. இதைப் படிக்கிற ஐயாமார்களுக்கும் ஒரு சேதி உண்டு. லீவு நாளில் பில்டரைக் கையில் எடுங்கள். மேலே சொன்ன அளவுகள் உங்களுக்கும் பொருந்தும்.